முப்பது கிராம் நோயாளி

போன வாரம் ஒரு காலையில் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் கால்நடை மருத்துவப் பெண் ஒருத்தி போன் செய்தாள்.

"மேடம், ஃபாரஸ்ட்காரங்க ஒரு குட்டிப் பறவையக் கொண்டாந்து டேபிள் மேல வெச்சிட்டு சர்டிஃபிகேட் குடுன்றாங்க. எனக்கு மாடு தெரியும், ஆடு தெரியும். இத எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல."

"மொதல்ல எச்சத்தப் பாரும்மா! பறவைய அப்புறம் பாக்கலாம்!"

நான் போட்ட கூச்சலில், ஏதோ கேஸ் சிலிண்டர்தான் வெடிக்கப் போகிறதென்று என் வீட்டுக்காரர் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். கடுகு கருகிப் போனது. போகட்டும். அன்றைக்கு எனக்குச் சட்னியா முக்கியம்? அந்தப் பெண் கேட்ட ஒரு கேள்வியில் என் சர்வீஸ் முழுவதும் கண்முன்னால் வந்து நின்றுவிட்டது. மத்தியானம் அவளே மறுபடி கூப்பிட்டு, "நீங்க ஏன் மேடம் அவ்ளோ சந்தோஷமாக் கத்தினீங்க?" என்றாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கல்லூரியில் அஞ்சு வருஷம் படித்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மதிப்பெண் வாங்கினேன், பட்டம் வாங்கினேன், ஒரு மாட்டின் முன்னால் தனியாக நிற்க நடுங்கினேன். எண்பத்தொன்பதில் வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்தது. அந்த வருஷம்தான் நானும் இந்த ஊர் கால்நடை ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஊருக்கும் புதுசு, எனக்கும் புதுசு. எந்த ஆபீஸ் எங்கே இருக்கிறதென்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

அங்கே தலைமை மருத்துவர் வரதராஜுலு சார். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எல்லோரையும் "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். எல்லோரையும் என்றால் மாடுகளையும் சேர்த்துத்தான். முட்ட வரும் காளையிடம்கூட, "ஐயா, கொஞ்சம் நவுந்துக்கங்க, ஊசி போடணும்" என்பார். முதல் நாள் அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் சிரிக்கவில்லை. காளை நகர்ந்துகொண்டது.

நான் சேர்ந்த பிறகு வந்த முதல் பௌர்ணமிக்கு மறுநாள், வாசலில் வரிசையாக மாடுகள். எல்லாவற்றுக்கும் இடது பக்க வயிறு கல் மாதிரி. ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். சார் என்னை நிறுத்தினார்.

"எங்க ஓடறீங்க? மொதல்ல சாணியப் பாத்தீங்களா?"

"இல்ல சார், மூச்சு விட முடியாம..."

"சாணி பொய் சொல்லாதும்மா. மாட்டுக்காரர் சொல்லுவார். நாமளும் சொல்லுவோம்."

குச்சியால் கிளறிக் காட்டினார். புளித்த வாடை. முழுசு முழுசாகச் சோற்றுப் பருக்கை. கிரிவலப் பாதையில் அன்னதானம் முடிந்து கொட்டிய சோற்றை மாடுகள் இரவு முழுக்கத் தின்றிருக்கின்றன! புளிச்சோறு வயிற்றில் இறங்கினால் மாடு தாங்குமா? அப்புறம்தான் மருந்து, குழாய் எல்லாம். "நேத்து அவங்களுக்குத் திருவிழா, இன்னிக்கு நமக்கு" என்று சொல்லிவிட்டுச் சார் கை கழுவப் போனார். அன்றிலிருந்து நான் ஓய்வு பெற்ற நாள் வரை, எந்த நோயாளி வந்தாலும் முதலில் கீழே பார்ப்பேன், பிறகுதான் மேலே பார்ப்பேன்.

பௌர்ணமிக்கு இன்னொரு கூட்டமும் வரும். கூண்டில் சில்லைக் குருவி, கிளி எல்லாம் அடைத்துக்கொண்டு பாதையோரம் உட்கார்ந்திருப்பார்கள். பக்தர்கள் வாங்கி, மலையைப் பார்த்துக் கும்பிட்டு, பறக்கவிடுவார்கள். புண்ணியம். மறுநாள் அதே ஆட்கள் வலை போட்டு அதே குருவிகளைப் பிடித்து அடுத்த பௌர்ணமிக்கு வைப்பார்கள். இவர்களைப் பிடிக்க வந்தவர்தான் வனத்துறை ரேஞ்சர் தனசேகர். நல்ல மனுஷன், சுறுசுறுப்பு ஜாஸ்தி, பொறுமை கம்மி. குருவிகளைப் பறிமுதல் செய்வார், கோர்ட்டில் காட்டி உத்தரவு வாங்குவார், நான் பார்த்து "ஆரோக்கியமாக உள்ளது, விடுவிக்கலாம்" என்று கையெழுத்துப் போடுவேன், அவர் சூடம் ஏற்றி மலையடிவாரத்தில் விடுவார். "அண்ணாமலையார் பாத்துக்குவார் மேடம்." ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். சார் அப்போது மாவட்டத்துக்கே அதிகாரியாகி, வேங்கிக்காலில் இருந்த ஆபீஸில் உட்கார்ந்திருந்தார். ஒரு பௌர்ணமியன்று காலையில் ரேஞ்சர் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் நீலத் துண்டு மூடிய ஒரு பிரம்புக் கூண்டு.

"மேடம், நேத்து அடி அண்ணாமலையில குருவி விக்கறவனுங்களத் தொரத்திட்டுப் போனேனா, ஒரு வூட்டுக்குள்ளேர்ந்து பாட்டுச் சத்தம். என் சர்வீஸ்ல இப்படி ஒரு பாட்டு நான் கேட்டதில்ல! உள்ள போய்ப் பாத்தா இது. கோர்ட்டு ஆர்டர் வாங்கிட்டேன். இன்னிக்கு சாயங்காலம் சென்னையிலேர்ந்து எங்க டிபார்ட்மென்ட் பெரிய ஐயா கிரிவலத்துக்கு வர்றார். அவர் கையால வுடணும். ஒரு கையெழுத்துப் போடுங்க."

துண்டை விலக்கினேன். அடடா! தலை, முதுகு, நெஞ்சு எல்லாம் பளபளவென்று கறுப்பு. உடம்பை விட நீளமான வால். பெரிய கண்ணால் என்னைத் தலை சாய்த்துப் பார்த்தது. சோலைப்பாடி! கல்லூரிக் காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

முதலில் எச்சம். கூண்டுத் தட்டில் மஞ்சளாக, மாவாக இருந்தது. பொட்டுக்கடலை மாவும் வேகவைத்த முட்டையும். நடுநடுவே வெட்டுக்கிளிக் கால் துண்டுகள். காட்டில் புதிதாகப் பிடித்த பறவைக்கு இந்த எச்சம் வராது. யாரோ வெகு நாளாக, பார்த்துப் பார்த்து வளர்த்திருக்கிறார்கள். அடுத்து எடை. எங்கள் ஆஸ்பத்திரித் தராசு கன்றுக்குட்டி நிறுப்பது. பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் திப்பிலி நிறுக்கிற தராசை வாங்கி வந்து, பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி அதற்குள் பறவையைத் தலைகீழாக நுழைத்து நிறுத்தோம். முப்பது கிராமுக்கு ஒரு மயிரிழை கம்மி. கூண்டுக் கம்பியில் உரசித் தேயும் வால் நுனியில்கூட ஒரு தேய்மானம் இல்லை. பிறகு மல்லாத்தி வயிற்றைப் பார்த்தேன்.

வயிறு வெள்ளை. நான் பார்த்த சோலைப்பாடிக்கு நெஞ்சுக்குக் கீழே செங்கல் நிறம். இதற்கு விலாவிலும் வாலுக்கு அடியிலும்தான் அந்த நிறம், நடு வயிறு பால் மாதிரி. சத்துக் குறைவில் வெளுத்துவிட்டதோ? ஆனால் எச்சம் அப்படிச் சொல்லவில்லையே! பேனாவை மூடி வைத்தேன்.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்தைந்து வயசு இருக்கும். ஓடி வந்த மூச்சிரைப்பு. பெயர் கலா, அந்தப் பறவையை வளர்த்தவள்.

"டாக்டரம்மா, அது இந்த ஊரு பறவை இல்ல. அத மலையில வுட்றாதீங்க. அதோட ஊருக்கு அனுப்பிடுங்க."

"எந்த ஊரும்மா?"

"அந்தமான். நான் அங்கதான் பொறந்தேன். எங்க பாக்குத் தோட்டத்துக்குப் பின்னால ஜங்கிள். அங்க வுழுந்து கெடந்துச்சு, கண்ணே தெறக்கல. என் வூட்டுக்காரரு அங்க ரோடு வேலைக்கு வந்தவரு. கட்டிக்கினு இங்க வந்தப்ப முறுக்கு டின்னுல ஓட்ட போட்டு, கப்பல்ல மடியில வெச்சிக் கொண்டாந்தேன்."

ரேஞ்சர் சிரித்தார். "கேட்டீங்களா மேடம்? கப்பல், முறுக்கு டின்! பிடிபட்டவங்க எல்லாரும் கதை சொல்லுவாங்க. நாள் கடத்தினா பறவையத் திருப்பிக் குடுத்துடுவோம்னு நெனைக்கறா."

"எனக்குத் திருப்பிக் குடுங்கன்னு நான் கேக்கவே இல்லியே?" என்றாள் கலா.

உண்மைதான், அவள் கேட்கவில்லை. அந்தமான் என்றதும் எனக்கு ஒரு புத்தகம் ஞாபகம் வந்தது. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் ஒரு வெளிநாட்டு அம்மா இருந்தார். தெருநாய்களை என்னிடம் ஊசிக்குக் கூட்டி வருவார், கழுத்தில் எப்போதும் பைனாகுலர் தொங்கும். நம் நாட்டுப் பறவைகளைப் பற்றித் தடியாக ஒரு புத்தகம் அவரிடம் இருந்தது. ஸ்கூட்டரை எடுத்தேன். பௌர்ணமிக் கூட்டத்தில் ஹாரன் அடித்து, திட்டு வாங்கி, திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். பக்கத்தைப் புரட்டினார். இரண்டு படம், அடுத்தடுத்து. ஒன்றுக்குச் செங்கல் வயிறு. இன்னொன்றுக்கு வெள்ளை வயிறு. வெள்ளை வயிற்றுக்குக் கீழே: அந்தமான் தீவுகள். உலகத்தில் வேறு எங்கும் இல்லை.

நான் கத்தின கத்தலில் அந்த அம்மாவின் நாய்கள் கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கின.

திரும்பி வருவதற்குள் ரேஞ்சர் என் மேல் புகார் சொல்லி வரதராஜுலு சாரையே அழைத்து வந்திருந்தார். மணி நாலைத் தாண்டிவிட்டது. பெரிய ஐயா கெஸ்ட் ஹவுஸில் இறங்கிவிட்டாராம். நான் புத்தகத்தை நீட்டிப் படபடவென்று பேசத் தொடங்கினேன்.

"உக்காருங்க. மூச்சு வாங்கிக்கங்க" என்றார் சார். நேராகக் கூண்டிடம் போய்க் குனிந்து தட்டைப் பார்த்தார். எச்சத்தைக் குச்சியால் கிளறினார். பிறகு பறவையிடம், "ஐயா, கொஞ்சம் திரும்பி நில்லுங்க" என்றார். அது திரும்பியது! சத்தியமாகத் திரும்பியது. வயிற்றைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி வயிற்றைப் பார்த்தார்.

"ஆரோக்கியமா இருக்கார். விடுவிக்கலாம்" என்றார்.

ரேஞ்சர் முகம் மலர்ந்தது.

"ஆனா இங்க இல்ல. நம்ம மலை பாறையும் புதரும். இவருக்கு ஈரக் காடு வேணும். இந்த டாக்டரம்மா போடாத கையெழுத்த நான் போட மாட்டேன்."

"சார், பெரிய ஐயா வந்து நிக்கும்போது நான் வெறுங்கையையா விரிச்சுக் காட்டறது?"

"பறிமுதல் பண்ண சில்லைக் குருவி ஒரு கூண்டு நெறைய இருக்கே. அதுங்களும் விடுதலைக்குத்தானே காத்திருக்கு?"

ரேஞ்சர் சில்லைகளை வாரிக்கொண்டு கிளம்பினார். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார், அடேயப்பா.

பறவை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே தங்கியது; பிழைத்தது என்று நினைத்தேன். மறுநாளே அது தீனியைத் தொடவில்லை. அதற்கு மறுநாளும் தொடவில்லை. முப்பது கிராம் உடம்பில் எத்தனை வேளைக்குச் சேமிப்பு இருக்கும்? கலாவைக் கூப்பிடலாமா என்று கேட்டதற்கு ரேஞ்சர் துள்ளினார். "குற்றவாளிய சாட்சிப் பொருளுக்குப் பக்கத்துல வுடச் சொல்றீங்களா?"

சார் போனிலேயே பதில் சொன்னார். "சாட்சியச் சாகடிச்சிட்டு கேஸ எப்படிங்க நடத்துவீங்க?"

கலா வந்தாள். கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து மெல்ல விசிலடித்தாள். பறவை இறக்கையைச் சிலிர்த்தது. அவள் விரலிலிருந்து வெட்டுக்கிளியைக் கவ்வியது. பிறகு வாலைத் தூக்கிப் பாடியது பாருங்கள்! ஊசிக்கு நின்ற எருமைகூடக் காதைத் திருப்பியது. ரேஞ்சர் சொன்னது பொய்யே இல்லை. அடுத்த வாரத்திலிருந்து, மாட்டுக்கு ஒன்றுமில்லாதவர்கள்கூட மாட்டை ஓட்டிக்கொண்டு விடிகாலையிலேயே வரத் தொடங்கினார்கள்.

தீவுக்கு அனுப்புவதென்றால் லேசா? இங்கிருந்து ஏதாவது ஒரு நோயைக் கொண்டுபோய் அங்கே பரப்பிவிட்டால், அந்தத் தீவுகளில் மட்டுமே இருக்கிற இனம் என்ன ஆகும்? தினமும் எச்சத்தை உப்புக் கரைசலில் கலக்கி, மிதந்து வருவதைக் கண்ணாடித் துண்டில் எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். புழு முட்டை இருந்தது. எருமைக்குப் பாட்டில் பாட்டிலாக ஊற்றுகிற மருந்தில் ஒரு சொட்டை எடுத்து, அதையும் நீர்க்க வைத்து, அதில் ஒரு துளியை ஊசி நுனியால் வெட்டுக்கிளிக்குள் செலுத்திக் கொடுத்தேன். மறுபடி பார்த்தேன். சுத்தமாகும் வரை பார்த்தேன்.

கலாவிடம் ஒன்று சொல்லவேண்டியிருந்தது. அதைத்தான் என் சர்வீஸிலேயே கஷ்டமான வேலை என்பேன். மனுஷ விரலைக் கண்டால் தீனி என்று நினைக்கிற பறவை காட்டில் பிழைக்காது. அவள் பழக்கியதை அவளே மாற்றவேண்டும்.

"இனிமே உன் முகத்த அது பாக்கக் கூடாதும்மா. உன் விசிலும் கேக்கக் கூடாது."

கூண்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். "சரி டாக்டரம்மா" என்றாள்.

மறுநாள் தன்னுடைய பழைய புடவை ஒன்றைக் கொண்டு வந்தாள். கூண்டைச் சுற்றித் திரை கட்டினோம். தட்டில் ஈரச் சருகு பரப்பி, அதற்குள் உயிருள்ள பூச்சிகளை விடுவோம். பறவையே கிளறித் தேடிப் பிடிக்கவேண்டும். கலா திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கீழ் வழியாகக் கையை விட்டுத் தட்டை மாற்றுவாள். அது பாடும். இவள் வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொள்வாள், பழக்க தோஷத்தில் பதில் விசில் வந்துவிடக் கூடாதென்று. இதைப் பார்த்துவிட்டு ஒரு காலை ரேஞ்சர் வந்த வேலையை மறந்து ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதற்கப்புறம் அவர் வேறு ஆள். இரண்டு இலாகாவுக்கும் கோர்ட்டுக்கும் அவரே நடையாய் நடந்தார். பெண் தானாகவே முன்வந்து உண்மையைச் சொன்னாள் என்று எழுதி, கேஸை எச்சரிக்கையோடு முடித்து வைத்தார். கடைசியில், "பறவையக் கொண்டு போறது நான்தான்" என்றார். மனுஷன் அதற்கு முன்னால் விமானத்தைத் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி. சின்ன மூங்கில் கூடை, உள்ளே மெத்தென்று துணி, தாகத்துக்குத் தண்ணீருக்குப் பதில் வெள்ளரித் துண்டு. சென்னை விமான நிலையத்துக்கு நான்தான் கூடப் போனேன். பறவை நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. ரேஞ்சர்தான் நிமிஷத்துக்கு ஒரு தடவை டிக்கெட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அவர் போன அடுத்த நாள், விடிந்ததிலிருந்து கலா ஆஸ்பத்திரி போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மணி அடித்தது. நான் பாய்ந்து எடுத்தேன்.

"மேடம்! வுட்டாச்சு! கலாவோட ஊருப் பாக்குத் தோட்டத்துக்குப் பின்னாலயே வுட்டோம். சூடம் ஏத்தலாம்னா இங்க இருக்கறவங்க காட்டுக்குள்ள நெருப்பு கூடாதுன்னுட்டாங்க. ஆனா அண்ணாமலையார் பாத்துக்குவார்னு சொல்லித்தான் தெறந்தேன்!"

கலாவிடம் திரும்பி, "பறந்துடுச்சாம்!" என்று கத்தினேன்.

"பாடுச்சா?"

"பாடுச்சாங்க ரேஞ்சர்? ... பாடுச்சாம் கலா!"

"பதிலுக்கு எதுனா பாடுச்சான்னு கேளுங்க."

கேட்டேன். அந்தப் பக்கம் ரேஞ்சர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பாடுச்சு மேடம். உள்ளேர்ந்து இன்னொண்ணு பாடுச்சு. நாங்க யாரும் மூச்சு வுடல."

நான் சொன்னதும் கலா சிரித்தாள், அழுதாள், இரண்டும் கலந்து ஏதோ செய்தாள். நானும்தான். கம்பவுண்டர் எங்களுக்கு டீ வாங்கி வந்தார்.

டீயைக் குடித்துக்கொண்டே அவள் சாதாரணமாகச் சொன்னாள். "அன்னிக்கு நான் ஓடி வராம கம்முனு இருந்திருந்தா, ரேஞ்சரய்யா மலையில வுட்டிருப்பாருல்ல? சாயங்காலமே நம்ம வூட்டு முருங்கமரத்துல வந்து ஒக்காந்திருக்கும் டாக்டரம்மா. தெனம் தொறந்துதான் வுடுவேன். ஒரு விசில் போதும், எங்க இருந்தாலும் வந்துடும்."

நாங்கள் எல்லோரும் சேர்ந்து கூண்டிலிருந்து வெளியே விட்டு அவளுக்கே திருப்பிக் கொடுக்க இருந்தோம். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

"அப்புறம் ஏம்மா வந்து சொன்ன?"

"தெனம் பாடிட்டு, கொஞ்ச நேரம் நிறுத்தி, தலைய இப்படிச் சாச்சி வெச்சிக்கினு காத்திருக்கும். நான் விசிலடிப்பேன். ஆனா நான் அடிக்கறது பறவ பாஷையா இன்னா? பாவம், அதுவும் ஒத்துக்கினு சாப்ட்டுச்சு." டம்ளரைக் கீழே வைத்தாள். "என்னாலதான் ஊருக்குப் போக முடியாது. அதுக்கு இன்னா?"

எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். மூலையில் கிடந்த பிரம்புக் கூண்டைப் பார்த்தாள்.

"அந்தக் கூண்டு கேஸ்ல இல்லன்னா குடுங்க டாக்டரம்மா. கோழிக் குஞ்சு கவுக்க ஆவும்."

கூண்டும் கேஸில்தான் இருந்தது. நான் எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.